போவது இலவசம்

1971இல் இலங்கை அரசுக்கு ஒரு நேர்மையான யோசனை தோன்றியது. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற ஒவ்வொருவரும் 25 சதம் கட்டவேண்டும் என்றது. சனம் திட்டித் தீர்த்தது. 1977இல் ஆட்சி மாறியது. 25 சதமும் போயிற்று. அன்றிலிருந்து எல்லாம் இலவசம்.

அந்தக் கால் ரூபாவை நினைத்தால் இப்போது கண் கலங்குகிறது. எவ்வளவு மானமுள்ள வசூல்! இவ்வளவுதான் என்று தொகை தெரியும். வாங்குகிறவர் யாரென்று தெரியும். வாங்குவது அரசாங்கம்தான் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ளும். இன்றைய இலவசத்துக்கு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. வாங்குகிறவர்கள் பத்துப் பேர். அதில் ஒருவரும் அரசாங்கம் இல்லை. பற்றுச்சீட்டு இல்லை. கொடுத்தோம் என்று வெளியே சொல்லவும் முடியாது. இலவசத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். கொக்கிளாய்க்கு வாருங்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு ஓரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கொக்கிளாயா, கொக்குளாயா என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிற மாஞ்சோலைக்கு நாற்பது கிலோமீற்றர் அளவு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்றால் நூற்றைம்பதுக்குக் குறையாது. கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையை இங்கே யாரும் கிலோமீற்றரில் அளப்பதில்லை. அடகு வைக்கிற பவுணில் அளப்பார்கள்.

களப்பின் வாய்க்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. அங்கே ஒரு தள வைத்தியசாலை இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரம்தான். பாலம் வரும் என்று போர் முடிந்த காலத்திலிருந்து பேசுகிறார்கள். பேச்சின்மேல் நடந்து தண்ணீரைக் கடந்தவர் எவரும் எங்கள் பக்கத்தில் இல்லை.

இனி ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அந்தக் கரையில் எந்தப் படலையைத் தட்டினாலும் இதே கதைதான், பிள்ளையின் வயது மட்டும் மாறும். இந்தப் பிள்ளைக்கு நாலு வயது. இழுப்பு. மாதம் ஒருக்கா பெரிய வைத்தியசாலையில் கிளினிக். எட்டு மணிக்கு முதல் நம்பர் எடுக்கவேண்டும். அதற்கு ஆறு மணிக்கு முதல் பஸ் ஏறவேண்டும். அதற்கு இருட்டோடு பிள்ளையை எழுப்பவேண்டும். பஸ் வராவிட்டால் ஓட்டோ. ஓட்டோக்காரத் தம்பி நல்லவன். "போக வர எண்டா குறைச்சுத் தாறன் அக்கா" என்பான். அவன் குறைத்த காசே புருசனின் ஒரு நாள் தொழிலைத் தின்றுவிடும். தொழில் கடல். படகு ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போன அதே மண்ணெண்ணெய். கிளினிக் அன்றைக்குப் புருசனும் கடலுக்குப் போகமாட்டான். மற்ற இரண்டையும் வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் விட ஆள் வேண்டுமே.

கவனியுங்கள். பிள்ளை இன்னும் வைத்தியசாலைப் படியை மிதிக்கவில்லை. இலவசம் இன்னும் தொடங்கவே இல்லை.

படி ஏறியதும் தொடங்குகிறது. முதலில் ஒரு கொப்பி. கிளினிக் விவரம் எழுதக் கொப்பி நோயாளி கொண்டுவர வேண்டும். வைத்தியர் இலவசம், கையெழுத்து இலவசம், அது விழுகிற தாள் உங்களுடையது. அடுத்தது போத்தல்.

"போத்தல் கொண்டந்தனீங்களோ அம்மா?"

"இல்லை மிஸ்."

"அப்ப பாணியை எதுக்குள்ள ஊத்துறது?"

நியாயமான கேள்வி. கையில் ஊற்றினால் கொக்கிளாய் வரை தாங்காது. வாசலுக்கு எதிர்க்கடையில் வெற்றுப் போத்தல் விற்பார்கள். ஒரு நாட்டின் சுகாதார சேவை எதன்மேல் நிற்கிறது என்று வெளிநாட்டு நிபுணர்கள் வந்து ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். எதிர்க்கடைக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

பிறகு வைத்தியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. பின்னால் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருமிக்கொண்டிருக்கும்போது அவர் இந்தப் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து இரண்டு நிமிடம் கேட்கிறாரே, அதுவே பெரிது. பொருளாதாரம் விழுந்தபின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். இவர் போகவில்லை. கேட்டு முடித்ததும் ஒரு சின்னத் துண்டு எடுத்து எழுதுகிறார். அந்தத் துண்டைக் கண்டதும் தாயின் முகம் மாறும். துண்டின் நீளம் அகலம் பார்த்தே தொகையைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

"இது இஞ்ச இல்லை. வெளியில எடுங்கோ."

தமிழில் ஆகச் செலவு கூடிய இரண்டு சொல், 'வெளியில எடுங்கோ'. இன்ஹேலர் வெளியில். அதை நாலு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க இடையில் பொருத்தும் ஸ்பேசர் வெளியில். ஒரு இரத்தப் பரிசோதனை வெளியில், ஏனென்றால் மெஷின் இருக்கிறது, அதற்குப் போடும் மருந்து முடிந்துவிட்டது. 'வெளியில' என்ற அந்த நாடு எங்கே இருக்கிறது? றோட்டைக் கடந்தால் போதும். எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் எதிரே பார்மசிகள் வரிசையாக நிற்கும். உள்ளே இல்லாதது எல்லாம் அங்கே இருக்கும். உள்ளே எது இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், சிரிப்பார்கள்.

அந்த ஸ்பேசர் பற்றி ஒரு சங்கதி. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் அளவாக ஓட்டை வெட்டி இன்ஹேலரைச் செருகினால் கடைச் சாமானுக்குக் குறையாமல் வேலை செய்யும் என்று தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளை நினைத்துச் செய்த நல்ல ஆராய்ச்சி. ஆனால் அங்கும் முடிவு என்னவென்று பார்த்தீர்களா? போத்தல். பாணிக்கும் போத்தல், மூச்சுக்கும் போத்தல்.

பாத்திரங்களோடு எங்கள் சுகாதாரத்துறைக்கு நெருங்கிய உறவு உண்டு. 2020 நவம்பரில், கொரோனா ஊரைச் சுற்றிய நேரம், சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி மந்திரித்த தண்ணீர்க் குடத்தை ஆற்றில் போட்டு நோயை விரட்டினார். பிறகு ஒரு மந்திரவாதியின் பாணியையும் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. குடம் யார் காசு என்று எனக்குத் தெரியாது. போத்தல் யார் காசு என்று தெரியும்.

சில வேளை துண்டோடு முடியாது. "இதை நிபுணர் ஒருக்காப் பார்த்தால் நல்லது" என்பார்கள். நிபுணருக்கு இங்கே திகதி இரண்டு மாதம் கழித்து. அவசரமென்றால்? அதே நிபுணரைப் பின்நேரம் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணலாம். கடமை நேரம் முடிந்தபின் அரசாங்க வைத்தியர் தனியாரில் பார்ப்பது சட்டம் அனுமதித்த ஒழுங்கு. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. காலையில் இரண்டு மாதம் தள்ளி இருந்த மனிதர், பின்நேரம் நாலு மணிக்குக் கைக்கு எட்டுகிறார். எங்கள் களப்பில் வற்றும் பெருக்கும் இருப்பதுபோல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் புரட்டினால், இலவச சுகாதாரத்துக்குப் பெயர்போன இந்த நாட்டில் சுகாதாரத்துக்குச் செலவாகும் காசில் பத்தில் நாலு பங்குக்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்து நேரே எடுத்துக் கொடுப்பது. மிச்சத்தில் பெரும்பங்கு அரசு கொடுப்பது. அரசுக்கு ஏது? 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் வற் வரி. கிளினிக் வரிசையில் பிள்ளை பசியில் அழ, எதிர்க்கடையில் வாங்கிக் கொடுக்கும் பிஸ்கட்டிலும் அது இருக்கிறது. ஆக, அந்தத் தாய் உள்ளே இருக்கும் இலவசத்துக்கும் கட்டுகிறாள், வெளியே இருக்கும் விலைக்கும் கட்டுகிறாள். இரண்டு பக்கமும் கட்டிவிட்டு, "கவர்ன்மென்ற் புண்ணியம்" என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

இந்த இடத்தில் 1990 என்ற இலக்கம் பற்றிச் சொல்லவேண்டும். 'சுவசெரிய' அம்புலன்ஸ். இந்திய உதவியில் 2016இல் தெற்கில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. உண்மையிலேயே நல்ல சேவை. கூப்பிட்டால் வருவார்கள், காசு கேட்கமாட்டார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் கடவுளுக்கு அடுத்தபடி அந்த இலக்கம்தான். ஒரே ஒரு குறை. அது போகும். வராது. விடிய மூச்சு சீரானதும், "இனிப் பயமில்லை அம்மா, கூட்டிக்கொண்டு போகலாம்" என்பார்கள். எதில்? உடுத்த உடுப்போடு, கைப்பை எடுக்காமல், காலில் செருப்பு இல்லாமல் ஏறி வந்த தாய் நாற்பது கிலோமீற்றர் தள்ளி வாசலில் நிற்கிறாள். உயிரைக் காப்பாற்ற அரசிடம் வாகனம் உண்டு. காப்பாற்றிய உயிரை வீட்டில் விட இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். இந்திய அரசு 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், பிள்ளைப்பேற்றுக்கு வந்த தாயையும் நோயுற்ற பச்சைக் குழந்தையையும் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடுவதும் உரிமை என்று எழுதிவைத்தார்கள். எழுதியது எல்லாம் நடக்கிறதா என்று தமிழ்நாட்டுக்காரரைக் கேளுங்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று பிரசவ வார்டு வாசலில் கை நீளும் கதையை அவர்கள் சொல்வார்கள். அது வேறு அழுகல். ஆனாலும் தாளிலாவது திரும்பி வரும் வழி இருக்கிறது. எங்களுக்கு அம்புலன்ஸைத் தந்தவர்கள் அந்தத் தாளைத் தர மறந்துவிட்டார்கள்.

போக்குவரத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கமே இந்த நாட்டில் இல்லை என்று நினைக்கவேண்டாம். இருக்கிறது. அரசாங்க வைத்தியர்களுக்கு 'டட்' என்று ஒரு கொடுப்பனவு. இடையூறு, எந்நேரமும் கடமைக்குத் தயாராக இருத்தல், போக்குவரத்து, இந்த மூன்றுக்கும் சேர்த்து. 35,000 ரூபாவாக இருந்ததை 70,000 ஆக்க 2024 ஜனவரியில் அமைச்சரவை இணங்கியது. எங்களுக்கும் 35,000 தா என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். முல்லைத்தீவுக்கு எங்கிருந்தும் அனுப்பவேண்டிய சிரமம் இல்லை, இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

வைத்தியர்கள் கேட்டது பிழை என்று சொல்ல வரவில்லை. கொடுங்கள். ஆனால் அந்த மூன்று சொல்லையும் திரும்ப ஒருக்கா வாசியுங்கள். இடையூறு: இருட்டோடு எழும்பியவள் யார்? எந்நேரமும் தயாராக இருத்தல்: பிள்ளை வார்டில் கிடந்த நாளெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தவள் யார்? போக்குவரத்து: சொல்லத் தேவையில்லை. 'டட்' கொடுப்பனவுக்கு இலங்கையில் ஆகப் பொருத்தமான விண்ணப்பதாரி கொக்கிளாய்த் தாய்தான். அவளுக்குக் கிடைப்பது 'அஸ்வெசும' நிவாரணம். அதுவும் பெயர் பட்டியலில் வந்தால். 22 அளவுகோல் வைத்து அவளுடைய வறுமையை அளந்தார்கள். 'வறியவர்' என்று தேறினால் குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா. 2025இல் 10,000 ஆக்கினார்கள். ஐந்து பேர் சாப்பிட, உடுக்க, படிக்க, அதோடு இலவச வைத்தியம் செய்ய.

இன்னொரு கதவும் இருக்கிறது. ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. வறுமை நிவாரணம் அதன் நோக்கங்களில் ஒன்று. பிள்ளைக்கு இருதய சத்திரசிகிச்சை என்றால் இதைத்தான் தட்டச் சொல்வார்கள். தட்ட என்ன வேண்டும்? வைத்தியரின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வருமானத்துக்கு அத்தாட்சி. 2025 பெப்ரவரியில் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம் என்று ஆகும்வரை, கதவு கொழும்பில் மட்டும் இருந்தது. ஏழை என்று நிரூபிக்கக் கொழும்புக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் போகக் காசு இருந்தால் நீங்கள் ஏழையா?

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. இந்த நிதியத்திலிருந்து வைத்தியச் செலவுக்குக் காசு வாங்கிய அரசியல்வாதிகளின் பட்டியல். அதில் சுகாதார அமைச்சர்களாக இருந்த ராஜித சேனாரத்னவின் பெயரும் இருந்தது, கெஹெலிய ரம்புக்வெலவின் பெயரும் இருந்தது. நோய் யாருக்கும் வரும். அமைச்சருக்கும் இருதயம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. தாம் நடத்திய இலவச வைத்தியசாலைகளின் கதவு கொழும்பிலேயே திறந்திருக்க, ஏழைகளுக்கான கதவு அவர்களுக்கு எப்படி இவ்வளவு லேசாகத் திறந்தது என்பதுதான் புரியவில்லை. பிள்ளைகளின் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? ரிஜ்வே வைத்தியசாலையில் சிறுவர் இருதய சிகிச்சைப் பிரிவு கட்ட 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்று பொதுமக்களிடம் காசு சேர்த்தார்கள். பிள்ளைகளின் இருதயத்துக்கு உண்டியல்.

ரம்புக்வெல கதை அதோடு முடியவில்லை. அவர் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் வந்த 22,500 குப்பி இமியூனோகுளோபுலின் தரமற்றது என்று வெளிப்பட்டு, 2024 பெப்ரவரியில் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மருந்து யாருக்குப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன். இரத்தத் தட்டுகள் திடீரென்று குறைந்த பிள்ளைக்கு. காய்ச்சலோடு இருதயக் குழாய் வீங்கும் பிள்ளைக்கு. கை கால் இயங்காமல் போகும் நரம்பு நோயாளிக்கு. இலவசமாகத்தான் போடுவார்கள்.

அதற்கு முன், 2022இல், பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாயில் செருகும் குழாய்க்குத் தட்டுப்பாடு வந்தது. பாவித்ததைக் கழுவித் தொற்று நீக்கித் திரும்பப் பாவிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று கொழும்பில் ஒரு வைத்தியர் எழுதிய கடிதம் வெளியே வந்து உலகம் முழுக்கச் சிரித்தது. அதே ஆண்டு திரிபோஷ சத்துமாவும் தடுக்கி விழுந்தது. சக்தி, புரதம், நுண்போசணை என்று மூன்று போஷாக்கு என்பதால் அந்தப் பெயர். 1970களிலிருந்து தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசம். 2022இல் நாலாவதாக ஒன்றும் உள்ளே வரப் பார்த்தது: சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. நல்ல சோளம் இல்லையென்று மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மா நின்றது. மாப் பக்கற் வந்த காலத்திலும் அது பேர் எழுதிய பிள்ளைக்கு மட்டும் போகுமா? வீட்டில் மூன்று பிள்ளை இருந்தால் மூன்று கோப்பை. எடை குறைந்த பிள்ளையின் பங்கு அதனால் இன்னும் குறையும். கிளினிக்கில் தராசு அதைச் சொல்லும். தராசு சொன்னதற்குத் தாய் பேச்சு வாங்குவாள்.

இந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆத்திரம். ஒரு கிளினிக் தவறினால், "ஏன் போன மாதம் வரேல்லை? பிள்ளையில அக்கறை இல்லையோ?" தாய் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். பஸ் காசு இல்லை என்று சொல்ல வெட்கம். இலவசத்துக்கு வரக் காசு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே, "மறந்துபோனன் மிஸ்" என்பாள். கொப்பியில் 'வரவில்லை' என்று விழும். மேலே போகும் அறிக்கையில் அது தாய்மாரின் விழிப்புணர்வுக் குறைவாக மாறும். விழிப்புணர்வை ஊட்ட ஒரு கருத்தரங்கு நடக்கும். கருத்தரங்குக்குப் பதாகை, பூங்கொத்து, குளிரூட்டிய மண்டபம், பகல் சாப்பாடு. வருகிற அதிகாரிகளுக்குப் பிரயாணப்படி. அந்தக் காசில் எத்தனை தாய்மாருக்குப் பஸ் ரிக்கெற் எடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் அதிகாரி பிறந்தால் அவருக்குக் கொக்கிளாயில் சிலை வைக்கலாம்.

இந்த நாட்டுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதுதான் விசயம். குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறாரே, கர்ப்பிணியின் வாசலில் இறங்கிப் பிள்ளை பிறந்தபிறகும் வந்து பார்க்கிறாரே, அவர் யார்? அரசுதான். தடுப்பூசியை ஊருக்குள் கொண்டுவந்து போட்டார்கள். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ இல்லை. மருந்தையும் தெளிப்பையும் காட்டுக்குள்ளும் கொண்டுபோனார்கள். வன்னியைத் தின்ற மலேரியா நாட்டைவிட்டே போனது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இலவசம் ஊரைத் தேடி வந்த இடத்தில் எல்லாம் வென்றிருக்கிறது. ஊர் இலவசத்தைத் தேடிப் போகவேண்டிய இடத்தில்தான் தோற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆணைக்குழு வேண்டாம்.

மாறாக, கட்டடம் கட்டுவார்கள். 2024 மே மாதம் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியில் எழும்பிய பெண்கள் நலச் சிறப்பு நிலையத்தை ரணில் விக்கிரமசிங்க திறந்துவைத்தார். பளபளவென்று இருந்தது. ஆளணி எப்போது முழுசாக வரும் என்பது நாடா வெட்டிய பிறகும் நெடுநாள் கேள்வியாகவே நின்றது. வன்னியில் போருக்குப் பிந்திய அபிவிருத்தியின் இலக்கணம் இது. முதலில் கல்வெட்டு, பிறகு கதவு, கடைசியில் டொக்டர்.

கொக்கிளாயின் தூரமும் இயற்கை போட்ட தூரம் இல்லை. 1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்று இந்தக் கரையையே துரத்தினார்கள். சனம் திரும்பி வரப் போர் முடிந்து மேலும் ஒரு வருசத்துக்கு மேல் போனது. கால் நூற்றாண்டு. வந்து பார்த்தால் வீடு இல்லை, வாடி இல்லை, களப்பில் வேறு ஆட்களின் வலை. பழைய வைத்தியசாலையும் உப தபாற்கந்தோரும் நின்ற காணியில்தான் புதிய விகாரை எழும்பியது என்று ஊரவர்கள் அன்றிலிருந்து முறையிட்டு வருகிறார்கள். நோயில் கிடந்த ஒரு துறவியைப் புத்தர் தன் கையாலேயே கழுவித் துடைத்துப் படுக்க வைத்ததாக பௌத்த நூல்களிலேயே இருக்கிறது. அவரைக் கேட்டிருந்தால் அந்தக் காணியை என்ன செய்யச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா என்று வாசித்தார்கள். பெரிய தொகை. மேசையில் தட்டினார்கள். ஒரு பில்லியனுக்கு எத்தனை சைபர் என்று எங்கள் தாய்க்குத் தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும், யாரிடம் மாறவேண்டும் என்றும் தெரியும். காதில் இருந்த தோடு போன தடவையே போய்விட்டது.

ஆகவே, சுகாதார அமைச்சுக்குக் கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு விண்ணப்பம். தயவுசெய்து அந்த 25 சதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு ஆளுக்குக் கால் ரூபா வாங்கி ரிக்கெற் கிழித்துத் தாருங்கள். விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டவும் செய்யுங்கள், சண்டை பிடிக்கமாட்டோம். ஆனால் அது மட்டும்தான் கட்டணம். கொப்பி, போத்தல், துண்டு, ஸ்பேசர், பரிசோதனை, போக ஓட்டோ, வர ஓட்டோ எல்லாம் அந்த ரிக்கெற்றுக்குள். சம்மதமென்றால் திகதியை அறிவியுங்கள். பழைய 25 சதக் குற்றி ஒன்று ஊரில் ஒரு ஆச்சியின் பெட்டியில் இருக்கிறது. கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.